‘இல்லை’ என்னும் முடிவின் எல்லை

நுழையும்முன்

நோயைக் கண்டறியும் கருவிகள் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒற்றைச் சொல்லில் முடிவுரைக்கின்றன. அச்சொல்லை நம்பியே ஒரு மந்தை காக்கப்படுகிறது அல்லது அழிக்கப்படுகிறது. இறைச்சியும் பாலும் சந்தைக்குச் செல்கின்றன அல்லது தடுக்கப்படுகின்றன. அச்சொல்லை எவ்வளவு நம்பலாம்? வெள்ளாடுகளின் மூளையைத் தாக்கும் பிரியான் நோய்களையும் அவற்றைக் கண்டறியும் விரைவுச் சோதனைகளையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

இரண்டு வெள்ளாடுகள்

2002ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் இறைச்சிக்காக வெட்டப்பட்ட வெள்ளாடு ஒன்றின் மூளையிலிருந்து சிறு துண்டு எடுக்கப்பட்டுச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. அந்த ஆட்டின்மீது தனிப்பட்ட ஐயம் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டில் விரிவாக்கிய கண்காணிப்புத் திட்டத்தின்படி எடுக்கப்பட்ட எண்ணற்ற மாதிரிகளுள் அதுவும் ஒன்று. விரைவுச் சோதனை ‘உண்டு’ என்றது. அந்த ஆடு இருந்த மந்தை முழுவதும் அகற்றப்பட்டது. அதன் இறைச்சி உணவாகச் செல்லாமல் தடுக்கப்பட்டது.

ஆனால், அந்நோய் எது? ஆடுகளிடம் நெடுங்காலமாகக் காணப்படும் ஸ்கிரேப்பி நோயா? மாடுகளைத் தாக்கி, உணவின் வழியே மனிதருக்கும் பரவிய பஞ்சுமூளை நோயா? இவ்வினாவிற்கு விடை காண ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2005ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அது மாட்டுப் பஞ்சுமூளை நோயே என அறிவிக்கப்பட்டது. இயற்கையான பண்ணைச் சூழலில் வெள்ளாடு ஒன்றை அந்நோய் தாக்கியது உறுதிசெய்யப்பட்டது அதுவே முதன்முறை.

அச்செய்தி மற்றொரு தேடலைத் தூண்டியது. பழைய மாதிரிகளை ஆய்வாளர்கள் மீண்டும் எடுத்துப் பார்த்தனர். ஸ்காட்லாந்தில் 1990ஆம் ஆண்டில் ஸ்கிரேப்பி என்று முடிவுசெய்யப்பட்ட ஒரு வெள்ளாட்டின் திசு பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தது. புதிய முறைகளால் ஆராய்ந்தபோது, அந்த ஆட்டையும் மாட்டுப் பஞ்சுமூளை நோயே தாக்கியிருந்தது எனத் தெரியவந்தது. ஓர் ஆட்டை விரைவுச் சோதனை பிடித்துக் கொடுத்தது. மற்றோர் ஆட்டின் உண்மை பல ஆண்டுகள் மறைந்தே இருந்தது. சோதனையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்துபவை இவ்விரண்டு வெள்ளாடுகள்.

உயிரற்ற நோய்க்காரணி

ஸ்கிரேப்பி புதிய நோயன்று. 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் செம்மறியாடுகளில் அது காணப்பட்டது. நோயுற்ற ஆடு தாங்க முடியாத அரிப்பினால் வேலியிலும் மரத்திலும் உடலை உரசிக் கொள்ளும், உரோமம் உதிரும், நடை தள்ளாடும், உடல் நடுங்கும், இறுதியில் இறந்துபோகும். உரசிச் சுரண்டுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்தே ஸ்கிரேப்பி என்னும் பெயர் பிறந்தது. பிரெஞ்சு மொழியினர் அதனை நடுக்கத்தைக் குறிக்கும் சொல்லால் வழங்கினர்.

இந்நோய் ஒட்டுவது என்பதை 1936ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கால்நடை அறிவியலாளர்களான குயிலே, ஷெல் ஆகிய இருவரும் ஆய்வின் வழி மெய்ப்பித்தனர். செம்மறியாட்டிலிருந்து வெள்ளாட்டிற்கும் அது பரவும் என்பதை 1939ஆம் ஆண்டில் அவர்களே காட்டினர். ஆயினும், நோயைத் தோற்றுவிப்பது எது என்பது புதிராகவே நின்றது. பாக்டீரியாவையும் வைரசையும் அழிக்கும் வெப்பமும் வேதிப்பொருளும் கதிர்வீச்சும் இதனை எளிதில் அழிக்கவில்லை. 1982ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் ஸ்டான்லி புரூசினர், இந்நோய்க்காரணி மரபுப்பொருள் இல்லாத புரதமே எனக் கூறி, அதற்குப் ‘பிரியான்’ என்று பெயரிட்டார். தொடக்கத்தில் பலர் ஏற்க மறுத்த அக்கருத்திற்காகவே அவருக்கு 1997ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உடலிலுள்ள நரம்புச் செல்களின் மேற்பரப்பில் இயல்பான பிரியான் புரதம் எப்போதும் இருக்கிறது. அது தீங்கற்றது. அப்புரதம் தவறான வடிவத்தில் மடிந்துவிட்டால் நோய்க்காரணியாக மாறுகிறது. தவறாக மடிந்த புரதம், தன்னை அடுத்துள்ள இயல்பான புரதத்தையும் தன் வடிவத்திற்கு மாற்றுகிறது. இவ்வாறு ஒன்று பலவாகித் திரளும்போது நரம்புச் செல்கள் அழிகின்றன. மூளை பஞ்சுபோல் துளைகள் நிறைந்ததாகிறது. நோய் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் கழிகின்றன.

நோயைக் கண்டறிவது ஏன் கடினம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். வைரசு நோயாயின் அதன் மரபுப்பொருளைத் தேடலாம். பிரியானில் தேடுவதற்கு மரபுப்பொருள் இல்லை. பிற தொற்றுகளாயின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் குருதியில் காணலாம். பிரியானோ உடலின் சொந்தப் புரதமே ஆதலால் உடல் அதனை அயலானாகக் கருதுவதில்லை, எதிர்ப்பொருளை உண்டாக்குவதும் இல்லை. நல்ல புரதத்திற்கும் தீய புரதத்திற்கும் உள்ள வேறுபாடு மடிப்பு மட்டுமே. அம்மடிப்பின் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதே சோதனையின் பணி.

தெரிந்து தெளிவோம்

1930களில் ஸ்காட்லாந்தில், உண்ணிகளால் பரவும் வேறொரு நோயைத் தடுப்பதற்காகச் செம்மறியாட்டுத் திசுவிலிருந்து தடுப்பூசி உருவாக்கப்பட்டது. அதிலிருந்த கிருமிகள் ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்யப்பட்டன. ஆயினும், ஊசி செலுத்தப்பட்ட ஆடுகளுள் சிலவற்றிற்குச் சில ஆண்டுகளுக்குப்பின் ஸ்கிரேப்பி தோன்றியது. தடுப்பூசியில் கலந்திருந்த ஸ்கிரேப்பிக் காரணியை ஃபார்மலின் அழிக்கவில்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

விரைவுச் சோதனை நடைபெறும் முறை

1986ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் மாடுகளில் பஞ்சுமூளை நோய் இனங்காணப்பட்டது. இறந்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் பொடியாக்கி மாடுகளுக்குத் தீவனமாகக் கொடுத்ததே அது பரவக் காரணமாயிற்று. 1996ஆம் ஆண்டில், மனிதரிடம் காணப்பட்ட புதுவகை மூளைநோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் எனப் பிரித்தானிய அரசு அறிவித்தது. அதன்பின் இலட்சக்கணக்கான கால்நடைகளைச் சோதிக்க வேண்டிய தேவை எழுந்தது. எலிகளுக்குச் செலுத்தி அவை நோயுறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் பழைய முறை அதற்கு உதவாது. சில மணி நேரத்தில் முடிவு தரும் விரைவுச் சோதனைகள் இவ்வாறே பிறந்தன. மாடுகளுக்கென உருவானவையே பின்னர் ஆடுகளுக்கும் பயன்படுத்தப்பட்டன.

இச்சோதனைகளுக்குரிய மாதிரி, இறந்த விலங்கின் மூளைத்தண்டிலிருந்து எடுக்கப்படுகிறது. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஓபெக்ஸ் எனப்படும் சிற்றிடம் உண்டு. உணவின் வழியே குடலில் புகும் பிரியான், குடலையும் மூளையையும் இணைக்கும் நரம்பின் வழியாக மேலேறி, மூளைக்குள் முதலில் சேரும் இடங்களுள் ஒன்று அது. திசு நன்கு அரைத்துக் கூழாக்கப்படும். பெரும்பாலான சோதனைகளில் அக்கூழுடன் புரோட்டினேஸ் கே என்னும் நொதி சேர்க்கப்படுகிறது. அந்நொதி இயல்பான புரதத்தை முற்றிலும் சிதைத்துவிடும். தவறாக மடிந்த புரதத்தின் உட்பகுதியை அதனால் சிதைக்க இயலாது. எஞ்சியதை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறிவர். எலிசா முறையில் நிறமாற்றத்தின் அளவும், வெஸ்டர்ன் பிளாட் முறையில் பட்டைகளின் அமைப்பும் முடிவைக் காட்டுகின்றன.

துல்லியத்தின் இரு முகங்கள்

ஒரு சோதனை எவ்வளவு துல்லியமானது என்னும் வினாவிற்கு ஒரே எண்ணால் விடை கூற இயலாது. நோயுள்ள விலங்கை நோயுள்ளது எனக் கண்டறியும் ஆற்றல் உணர்திறன் எனப்படும். நோயற்ற விலங்கை நோயற்றது என ஒதுக்கும் ஆற்றலை விலக்குதிறன் எனலாம். உணர்திறன் குறைந்தால் நோயுள்ள ஆடு தப்பிவிடும். அது பொய் எதிர்மறை. விலக்குதிறன் குறைந்தால் நலமான ஆடு பழி சுமக்கும். அது பொய் நேர்மறை. முன்னது உண்பவருக்குத் தீங்கு. பின்னது வளர்ப்பவருக்கு இழப்பு.

எடுத்துக்காட்டாக, கற்பனையான ஒரு சோதனையின் உணர்திறன் 90 விழுக்காடு, விலக்குதிறன் 99.5 விழுக்காடு எனக் கொள்வோம். 10,000 வெள்ளாடுகள் உள்ள ஒரு வட்டாரத்தில் 10 ஆடுகளுக்கு மட்டுமே நோய் உள்ளது. சோதனை அவற்றுள் 9 ஆடுகளைக் கண்டறியும், ஒன்று தப்பும். நலமான 9,990 ஆடுகளுள் ஏறத்தாழ 50 ஆடுகளையும் அது நோயுள்ளவை எனத் தவறாகக் கூறும். ஆக, ‘உண்டு’ எனப்பட்ட 59 ஆடுகளுள் 9 மட்டுமே உண்மையில் நோயுற்றவை. நூற்றுக்கு 99.5 என்னும் எண்ணைக் கேட்டவர் எதிர்பார்த்திராத விளைவு இது.

அதே சோதனையை நோய் மிகுந்த மற்றொரு வட்டாரத்தில் செய்வோம். அங்கு 10,000 ஆடுகளுள் 1,000 ஆடுகளுக்கு நோய் உள்ளது. சோதனை 900 ஆடுகளைச் சரியாகக் கண்டறியும். 45 ஆடுகளைத் தவறாகக் குற்றஞ்சாட்டும். இப்போது ‘உண்டு’ என்னும் சொல் நூற்றுக்கு 95 முறை உண்மையாகிறது. ஆனால், 100 நோயுற்ற ஆடுகள் ‘இல்லை’ என்னும் சான்றுடன் வெளியேறுகின்றன. கருவி மாறவில்லை, அது பயன்படும் களம் மாறியது, சொல்லின் பொருளும் மாறிவிட்டது.

சோதனை தவறும் இடங்கள்

1999ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையம் மாடுகளுக்கான சில விரைவுச் சோதனைகளை மதிப்பிட்டது. அறிகுறி வெளிப்பட்ட மாடுகளின் மாதிரிகளும், பஞ்சுமூளை நோய் இல்லாத நியூசிலாந்து நாட்டு மாடுகளின் மாதிரிகளும் கொடுக்கப்பட்டன. மூன்று சோதனைகள் ஒரு பிழையுமின்றி இரண்டையும் வேறுபடுத்தின. அவ்வெற்றி உண்மையானது. எனினும், நோய் முற்றிய விலங்கையும் நோயே அறியாத விலங்கையும் வேறுபடுத்துவது எளிய தேர்வு. பண்ணையிலும் இறைச்சிக் கூடத்திலும் நிற்கும் வெள்ளாடு அவ்விரு முனைகளுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அங்கே சோதனை மூன்று காரணங்களால் தவறக்கூடும்.

முதற்காரணம் காலம். ஆட்டின் உடலில் புகுந்த ஸ்கிரேப்பிப் பிரியான் பெரும்பாலும் முதலில் உள்நாக்குச் சுரப்பிகளிலும் குடலைச் சார்ந்த நிணநீர்த் திசுக்களிலும் பெருகுகிறது. அதன்பின்னரே மூளையை அடைகிறது. இடைப்பட்ட காலத்தில் மூளைத்தண்டைச் சோதித்தால் ‘இல்லை’ என்றே விடை வரும். ஆடோ நோயைச் சுமந்து கொண்டிருக்கும். சில வெள்ளாடுகளின் மரபணு அமைப்பு நோயின் போக்கை மெதுவாக்குவதால் இக்காலம் மேலும் நீளக்கூடும்.

இரண்டாம் காரணம் இடம். எடுக்கப்படும் திசு சில கிராம் மட்டுமே. உரிய இடத்திற்குச் சற்று விலகி எடுத்தாலும், பண்ணையில் இறந்துகிடந்த ஆட்டின் மூளை அழுகிக் குழைந்திருந்தாலும், பிரியான் இருந்தும் அகப்படாமல் போகலாம். ஆய்வகத்தின் துல்லியம் கத்தியைப் பிடிக்கும் கையிலேயே தொடங்குகிறது.

மூன்றாம் காரணம் நோயின் வகை. 1998ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் வழக்கத்திற்கு மாறான ஸ்கிரேப்பி கண்டறியப்பட்டது. இவ்வகையில் தவறாக மடிந்த புரதம் மூளைத்தண்டைவிடச் சிறுமூளையிலும் பெருமூளைப் புறணியிலும் மிகுதியாகத் திரள்கிறது. நொதியால் எளிதில் சிதைந்தும் விடுகிறது. எனவே, மூளைத்தண்டை மட்டும் எடுத்து, வலிய நொதியால் செரிக்கச் செய்யும் சோதனை, தான் தேடுவதைத் தானே அழித்துவிட்டு ‘இல்லை’ எனக் கூறும் நிலை உண்டாகிறது.

முரண்பாடு தந்த அறிவு

ஐரோப்பாவில் ஆடுகளைச் சோதிக்கத் தொடங்கிய பின்னர், செருமனியிலும் பிரான்சிலும் விந்தையான முடிவுகள் வந்தன. ஒரே விலங்கின் மாதிரியை ஒரு விரைவுச் சோதனை ‘உண்டு’ என்றது; மற்றொன்று ‘இல்லை’ என்றது. இரண்டுள் ஒன்றைப் பிழையெனத் தள்ளிவிடுவது எளிது. பொய் நேர்மறை என்று பெயரிட்டுக் கோப்பை மூடியிருக்கலாம்.

ஆய்வாளர்கள் அவ்வாறு செய்யவில்லை. இரண்டு சோதனைகளும் வெவ்வேறு முறையில் புரதத்தைக் கையாளுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தனர். மூளையின் பிற பகுதிகளையும் ஆராய்ந்தனர். அவை நார்வேயில் காணப்பட்ட புதுவகை ஸ்கிரேப்பியை ஒத்தவை என 2004ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. அதன்பின் பல நாடுகளின் செம்மறியாடுகளிலும் வெள்ளாடுகளிலும் இவ்வகை கண்டறியப்பட்டது. சோதனைகள் முரண்பட்டதால் உண்மை கெடவில்லை. முரண்பாட்டை மதித்ததால் புதிய உண்மை பிறந்தது.

படிப்படியான உறுதிப்பாடு

இத்தகைய எல்லைகளை அறிந்தே கண்காணிப்பு முறை வகுக்கப்பட்டுள்ளது. விரைவுச் சோதனை முதற்படி மட்டுமே. அது ஐயத்திற்குரிய மாதிரிகளைச் சலித்தெடுக்கிறது. இரண்டாம் படியில், மூளைத் திசுவின் மெல்லிய சீவல்களில் எதிர்ப்பொருளைப் படியச் செய்து நுண்ணோக்கியில் காணும் முறையாலோ வெஸ்டர்ன் பிளாட் முறையாலோ முடிவு உறுதிசெய்யப்படுகிறது. மூன்றாம் படியில், அது ஸ்கிரேப்பியா மாட்டுப் பஞ்சுமூளை நோயா எனப் புரதப் பட்டைகளின் அமைப்பைக்கொண்டு வேறுபடுத்துவர். அதன்பின்னும் ஐயம் நீங்காதபோது எலிகளில் செலுத்தி ஆராய்வர். பிரெஞ்சு நாட்டு வெள்ளாட்டின் முடிவுக்கு இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆனது இப்படிநிலைகளைக் கடந்ததனால்தான்.

‘உண்டு’ என்னும் முடிவை மீண்டும் சோதிக்க வழியிருக்கிறது. ‘இல்லை’ என்னும் முடிவையோ பெரும்பாலும் எவரும் மீண்டும் சோதிப்பதில்லை. ஆகவேதான் தனியொரு சோதனையை மட்டும் நம்பாமல் வேறு காவல்களும் அமைக்கப்பட்டன. விலங்குப் புரதத்தைத் தீவனமாக்குதல் தடைசெய்யப்பட்டது. நோய் இருக்கக்கூடிய மூளை, தண்டுவடம் முதலிய உறுப்புகள் உணவிலிருந்து நீக்கப்பட்டன. சோதனை தவறினாலும் தீங்கு தட்டை அடையாதவாறு காப்பவை இவை.

புதிய வழிகளும் திறந்துள்ளன. உயிருள்ள ஆட்டின் மூன்றாம் இமையிலோ மலக்குடலின் உட்சுவரிலோ உள்ள நிணநீர்த் திசுவைச் சிறிதளவு எடுத்துச் சோதிக்க இயலும். தவறாக மடிந்த புரதத்தின் மிகச் சிறு அளவையும் சோதனைக்குழாயில் பன்மடங்காகப் பெருக்கிக் காணும் முறைகள் உருவாகியுள்ளன. நோயை எதிர்க்கும் மரபணு வேறுபாடுகள் சில வெள்ளாடுகளில் இருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய ஆடுகளைத் தேர்ந்து பெருக்கினால், சோதித்து அழிக்கும் தேவையே குறையக்கூடும்.

நிறைவாக

விரைவுச் சோதனை பயனற்றது என்பது இதன் பொருளன்று. அது இல்லாதிருந்தால் பிரெஞ்சு நாட்டு வெள்ளாடு எவர் கண்ணிலும் படாமல் மறைந்திருக்கும். சோதனையின் முடிவு ஒரு சான்று, தீர்ப்பன்று. எந்த விலங்கில், எந்தப் பகுதியில், நோயின் எந்தக் கட்டத்தில், எவ்வகை நோயைத் தேடிய சோதனை என்னும் வினாக்களுடன் சேர்த்துப் படிக்கும்போதே அச்சான்று முழுமை பெறுகிறது. ‘இல்லை’ என்று கருவி கூறினால், ‘தேடிய இடத்தில், தேடிய முறையில் அகப்படவில்லை’ என்பதே அதன் நேரிய பொருள். இவ்வேறுபாட்டை உணர்ந்திருப்பதே அறிவியல் நேர்மை.

கற்பவை கற்றபின்

1. உணர்திறன் 95 விழுக்காடும் விலக்குதிறன் 99 விழுக்காடும் உடைய சோதனை ஒன்றை, 5,000 ஆடுகளுள் 20 ஆடுகள் நோயுற்ற வட்டாரத்தில் செய்தால் ‘உண்டு’ எனப்படும் ஆடுகள் எத்தனை, அவற்றுள் உண்மையில் நோயுற்றவை எத்தனை எனக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

2. ‘நோயுள்ள ஆடு தப்புவது, நலமான ஆடு பழிசுமப்பது ஆகிய இரண்டில் பெருந்தீங்கு எது?’ என்னும் பொருளில், ஆடு வளர்ப்பவர், உண்பவர், கால்நடை மருத்துவர் ஆகிய மூவர் நிலையில் நின்று கலந்துரையாடுக.

சிந்தனை வினாக்கள்

1. பிரியான் நோயைக் குருதியில் உள்ள எதிர்ப்பொருள் வழியாகக் கண்டறிய இயலாதது ஏன்?

2. வழக்கத்திற்கு மாறான ஸ்கிரேப்பியைச் சில விரைவுச் சோதனைகள் தவறவிடுவதற்கான காரணங்களை எழுதுக.

3. ‘கருவி மாறவில்லை, சொல்லின் பொருள் மாறிவிட்டது’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.